ஏ.கே. செட்டியார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏ.கே. செட்டியார் என்று பேச்செடுத்தாலே சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. மாணவர்கள் கேட்கிறார்கள், பயணக் கட்டுரை எழுதிப் பார்க்கும் நண்பர்கள் கேட்கிறார்கள், காரைக்குடிப் பக்கம் போனால் அங்கேயே சிலர் "அவர் எந்த ஊர்?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

முதலில், யார் இவர்?

1911 நவம்பரில் செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்தவர். கருப்பன் என்பது பெயர். தமிழில் பயண எழுத்து என்றால் முதலில் சொல்ல வேண்டிய பெயர்களில் ஒன்று. 'உலகம் சுற்றும் தமிழன்' என்று ஒரு புத்தகம் எழுதினார். அந்தத் தலைப்பே அவருக்குப் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. 'குமரி மலர்' என்ற மாத இதழை நடத்தினார். காந்தியைப் பற்றிய முதல் முழுநீள ஆவணப்படத்தை எடுத்தார். பழைய பத்திரிகைகளில் புதைந்து கிடந்த கட்டுரைகளைத் தேடியெடுத்துத் தொகுத்தார். 1983 செப்டம்பர் 10 அன்று காலமானார்.

எழுத்தாளர், பத்திரிகை ஆசிரியர், புகைப்படக்காரர், படத் தயாரிப்பாளர், தொகுப்பாசிரியர் என்று ஐந்து ஆளைப்போல இருக்கிறதே என்று தோன்றும். என் பார்வையில் இவை ஐந்தும் ஒரே வேலைதான். கையில் பேனா இருந்தபோதும் காமிரா இருந்தபோதும் அவர் செய்தது, கண்ணெதிரே காணாமல் போய்க்கொண்டிருந்ததைச் சேர்த்துவைத்துத் தமிழ் வாசகர் கையில் கொடுத்தது.

செட்டிநாட்டுப் பிள்ளை எழுத்துக்கு வந்தது எப்படி?

அந்தக் காலத்து நகரத்தார் வீடுகளில் பையன்கள் சின்ன வயதிலேயே கடல் கடந்து போவார்கள். 'கொண்டுவிற்கப் போவது' என்பார்கள். பர்மா, மலேயா, இலங்கை என்று லேவாதேவிக் கடைகள். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாள் ஆகி, மேலாள் ஆகி, சில ஆண்டுகள் கழித்து ஊர் திரும்புவது வழக்கமான பாதை. ஆகவே கப்பல் ஏறுவது கோட்டையூருக்குப் புதிதில்லை. இவர் கப்பல் ஏறிய காரணம்தான் புதிது.

1930-களின் தொடக்கத்தில் ரங்கூனில் 'தனவணிகன்' என்ற பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார். வயது இருபதைத் தாண்டிக் கொஞ்சம்தான். அங்கிருந்து ஜப்பான் போய் டோக்கியோவில் புகைப்படக் கலை படித்தார். பிறகு அமெரிக்கா போய் நியூயார்க்கிலும் அதையே படித்தார். படிக்கப் போன இடத்தைப் பற்றி எழுதிய 'ஜப்பான்' அவருடைய முதல் புத்தகம், 1936-ல் வந்தது. ஊரில் அவரை ஒத்த பையன்கள் பேரேடு எழுதப் பழகிக்கொண்டிருந்த வயதில் இவர் ஒளியையும் லென்ஸையும் படித்துக்கொண்டிருந்தார்.

கதை எழுதவே இல்லையா?

இளமையில் ஆனந்த விகடனில் அவருடைய சிறுகதை ஒன்று வந்தது. அதோடு சரி. அப்புறம் வாழ்நாள் முழுக்கக் கட்டுரைதான்.

எழுத்தாளர் ஒருவர் காந்தி படம் எடுக்க வேண்டிய அவசியம் என்ன?

இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

1937 அக்டோபர் 2. நியூயார்க்கிலிருந்து அயர்லாந்தின் டப்ளினுக்குப் போகும் 'சமேரியா' கப்பலில் இருந்தார். அன்று காந்தி பிறந்தநாள். நடுக்கடலில் அந்த யோசனை வந்தது: காந்தியின் வாழ்க்கையை ஒரு படமாக்கினால் என்ன? அப்போது அவருக்கு 26 வயதுகூட நிரம்பவில்லை. காந்தியோடு நெருங்கிய பழக்கம் கிடையாது, பணம் கிடையாது, ஒரு படக் கம்பெனி பின்னால் இல்லை. கையில் இருந்தது காமிராப் படிப்பும் பத்திரிகை அனுபவமும்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காந்தியை நடிகர் ஒருவரை வைத்துக் காட்டும் எண்ணம் அவருக்கு இல்லை. காந்தி நிஜமாக நடந்தபோது, பேசியபோது, கப்பலிலிருந்து இறங்கியபோது யாரோ ஒருவர் எங்கோ காமிராவைச் சுழற்றியிருப்பார். அந்தத் துண்டுகளைத் தேடிப் பிடித்து ஒன்று சேர்க்க வேண்டும் என்பதுதான் திட்டம். அதாவது, படம் எடுப்பதைவிடப் படம் தேடுவதுதான் பெரிய வேலை.

அந்தத் துண்டுகள் எங்கே கிடைத்தன?

எங்கெங்கோ. அந்த நாளில் தொலைக்காட்சி கிடையாது. தியேட்டரில் கதைப்படத்துக்கு முன்னால் ஓடும் செய்திப்படம்தான் உலகம் நடப்பதைக் கண்ணால் பார்க்க ஒரே வழி. லண்டனில் பெரிய செய்திப்படக் கம்பெனிகள் இருந்தன. 1931-ல் வட்டமேஜை மாநாட்டுக்கு லண்டன் போன காந்தியை அவர்கள் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்திருந்தார்கள். ஆனால் அடுத்த வாரச் செய்தி வந்ததும் பழைய சுருள் கிடங்குக்குப் போய்விடும். எந்தப் பெட்டியில் எது இருக்கிறது என்று தேடி, போட்டுப் பார்த்து, வேண்டியதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

செட்டியார் இதற்காக நான்கு கண்டங்களில் சுற்றினார். சுமார் ஒரு லட்சம் மைல். இரண்டரை ஆண்டுக்கு மேல். விமானப் பயணம் சாதாரணமாகாத காலம். பெரும்பகுதி கப்பலிலும் ரயிலிலும்தான். முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ நூறு காமிராக்காரர்கள் எடுத்திருந்த 50,000 அடிப் படச்சுருள் சேர்ந்தது. காந்தி தம் அரசியல் குருவாக மதித்த கோகலே 1912-ல் தென்னாப்பிரிக்கா போனபோது எடுத்த படத்தையும் தேடிப் பிடித்தார். துறவுத் தோற்றம் இல்லாத, கோட்டுப் போட்ட பாரிஸ்டர் காலத்துக் காந்தியின் சுருள் என்றால் அதன் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை.

கிடைக்காதவற்றைப் புதிதாக எடுத்தார். பாரிஸில் படித்த பி.வி. பதி இந்தப் படத்துக்குக் காமிரா பிடித்தவர்களில் ஒருவர். பிறகு இந்திய ஆவணப்பட உலகில் பெரிய பெயராக வந்தவர். காந்தியைப் பற்றி எழுதியவர்களையும் பழகியவர்களையும் தேடிப் போய்ப் பார்த்தார். சுவிட்சர்லாந்தில் ரொமெய்ன் ரோலந்தைச் சந்தித்தார்.

ஒரு சின்ன விஷயத்தை நெருங்கிப் பார்ப்போம். அந்தக் காலத்துப் படச்சுருள் நைட்ரேட் கலந்தது. சட்டென்று தீப்பிடிக்கும். பிடித்தால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது. தகர டப்பாவில் அடைத்து, வெயில் படாமல், துறைமுகத்துக்குத் துறைமுகம் சுங்கத்தில் விளக்கம் சொல்லிக் கொண்டுவர வேண்டும். அதிலும் உள்ளே இருப்பது காந்தி. ஆள்வது பிரிட்டிஷ் சர்க்கார். இப்போது கைப்பேசியில் விரலால் தள்ளிப் பார்க்கிற ஒரு நிமிடக் காட்சிக்கு அன்றைக்குத் தொண்ணூறு அடிச் சுருள் வேண்டும்.

தென்னாப்பிரிக்காவுக்கு அவர் ஏன் அத்தனை முக்கியத்துவம் கொடுத்தார்?

காந்தி அங்கே இருந்தது 1893-லிருந்து 1914 வரை, ஏறத்தாழ இருபத்தோரு ஆண்டு. சத்தியாக்கிரகம் பிறந்தது அங்கேதான். அந்தப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர்களில் தமிழர்கள் ஏராளம். 1860-ல் 'ட்ரூரோ' கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து நேட்டாலுக்கு முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிப் போனது. கரும்புத் தோட்டத்துக்குப் போன அந்த மக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் காந்தி பின்னால் நடந்தார்கள். தில்லையாடி வள்ளியம்மை ஜெயிலில் நோய்ப்பட்டு, 1914 பிப்ரவரியில் பதினாறு வயதில் இறந்துபோனார். தம்பி நாயுடு பலமுறை சிறை போனவர். கோட்டையூர்க்காரர் ஒருவருக்குக் காந்தி கதையைச் சொல்ல உரிமை இருக்கிறது என்றால், அந்த உரிமை அங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளிநாடு போகும்போதெல்லாம் அவர் இந்த மக்களைத் தேடிப் போனார். 'கரிபியன் கடலும் கயானாவும்' என்ற புத்தகம் அப்படி வந்தது. தமிழ் மறந்துபோன தமிழர்களைப் பற்றித் தமிழில் எழுதியவர் அவர். தாத்தா எந்த ஊர் என்று தெரியாமல் பெயரில் மட்டும் தமிழ் மிச்சம் இருக்கிறவர்களை அவர் இரக்கத்தோடும் பார்க்கவில்லை, குறையோடும் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்த உறவுக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல எழுதுகிறார்.

படம் வெளிவந்ததா?

வந்தது. 1940 ஆகஸ்ட் 23, சென்னை ராக்ஸி தியேட்டர். தமிழ் விளக்கவுரையோடு. நீளம் 12,000 அடி. ஓடும் நேரம் இரண்டு மணி நேரத்துக்கு மேல். டி.கே. பட்டம்மாள் அதில் பாடியிருக்கிறார். தெலுங்கு விளக்கத்தோடும் வந்தது.

காலத்தைப் பாருங்கள். உலகப் போர் தொடங்கி ஓராண்டு ஆகப்போகிறது. காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜினாமா செய்துவிட்டன. தண்டி யாத்திரையைத் திரையில் காட்டுவது அன்றைக்குச் சாதாரணக் காரியமில்லை. இரண்டே ஆண்டில் வெள்ளையனே வெளியேறு இயக்கம் வந்தது. அதற்குப் பிறகு அந்தப் படத்தைச் சுதந்திரமாகக் காட்டுகிற பேச்சுக்கே இடமில்லை. நாடு சுதந்திரம் அடைந்த நேரத்தில் இந்தி வடிவம் தில்லியில் திரையிடப்பட்டது. 1953-ல் அமெரிக்காவில் ஆங்கில வடிவம் ஒன்றும் வந்தது.

இப்போது அதைப் பார்க்க முடியுமா?

1940-ல் ராக்ஸியில் ஓடிய அந்தத் தமிழ்ப் படம் முழுசாக நம் கையில் இல்லை. இதை எழுதும்போது மனது கனக்கிறது. உலகமெல்லாம் தேடிச் சேர்த்தவருடைய படத்தை நாம் சேர்த்துவைக்கவில்லை. சுருக்கமான ஆங்கில வடிவத்தின் பிரதி அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இருப்பதை வரலாற்றாசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதி கண்டுபிடித்தார். நைட்ரேட் சுருள் தானாகவே மட்கிப் போகும் சரக்கு. ஆனால் ஒரு பிரதியாவது குளிர் அறையில் வைத்திருக்க வேண்டியது நம் பொறுப்பு.

படம் எடுத்த கதை மட்டும் முழு உயிரோடு இருக்கிறது. பிற்காலத்தில் செட்டியார் அதைக் குமரி மலரில் எழுதினார். அவற்றை வேங்கடாசலபதி பதிப்பித்து 2003-ல் 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்று காலச்சுவடு வெளியிட்டது. ஆங்கிலத்திலும் பெயர்த்திருக்கிறார்கள்.

அவருடைய பயண எழுத்தில் அப்படி என்ன விசேஷம்?

இந்தக் கேள்விக்கு என்னால் மணிக்கணக்கில் பதில் சொல்ல முடியும். அடக்கிச் சொல்கிறேன்.

முதலாவது, அவர் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. பயணம் எழுதுகிறவர்களுக்குப் பெரிய சபலம் ஒன்று உண்டு: தான் பட்ட கஷ்டம், தான் சாப்பிட்டது, தனக்குக் கிடைத்த மரியாதை. செட்டியார் கட்டுரையில் 'நான்' ஒரு ஓரத்தில் நிற்கும். பேசுவது எதிரே இருக்கிறவர். தங்கிய வீட்டு அம்மாள், ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர், கடைக்காரர், கப்பல் சிப்பந்தி. ஒரு நாட்டின் குணத்தை அவர் கட்டடங்களில் தேடவில்லை. வழி கேட்டால் எப்படிச் சொல்கிறார்கள், மறந்துவைத்த பொருளைத் திருப்பித் தருகிறார்களா, அந்நியனிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பதில் தேடினார்.

இரண்டாவது, வாக்கியம். சின்ன வாக்கியம். அலங்காரம் கிடையாது. ஒரு சம்பவத்தைச் சொல்லி முடித்தவுடன் நிறுத்திவிடுவார். அதற்கு விளக்கம் எழுத மாட்டார். நான் முதன்முதலில் அவரைப் படித்தது ஒரு நூலகத்தில், அட்டை கிழிந்து காக்கி உறை போட்ட பிரதியில். ஒரு கட்டுரை முடிந்துவிட்டது என்று தெரியாமல் அடுத்த பக்கத்தைப் புரட்டி, திரும்பி வந்து கடைசி வரியை மறுபடி படித்தேன். அங்கேயே முடிந்திருந்தது. கூட ஒரு வார்த்தை இருந்தாலும் கெட்டுப்போயிருக்கும்.

மூன்றாவது, வாசகரை மதிப்பது. தமிழ் மட்டும் தெரிந்த ஒருவருக்கு உலகத்தைச் சொல்கிறோம் என்பதற்காகக் கீழே இறங்கிப் பேசுவதில்லை. வியக்கவைக்கும் ஆசையும் இல்லை. வெளிநாடு என்றால் எல்லாம் உசத்தி என்றோ நம் ஊர்தான் உசத்தி என்றோ அவர் எழுதுவதில்லை.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. சில கட்டுரைகள் குறிப்பு அளவிலேயே நின்றுவிடுகின்றன. இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாமே என்று ஏங்கவைக்கிற இடங்கள் உண்டு. அடக்கம் சில நேரம் தகவலையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது.

குமரி மலர் எப்படிப்பட்ட பத்திரிகை?

1943-ல் தொடங்கினார். போர்க்காலம், காகிதத் தட்டுப்பாடு. சினிமா விளம்பரமும் பரபரப்பும் இல்லாத இதழ். கட்டுரைதான் அதன் உயிர். நான் முக்கியமாக நினைப்பது ஒன்று: பழையதை மறுபடி அச்சிட்டார். பழைய இதழ்களில் வந்து யாரும் நூலாக்காமல் விட்ட பாரதியின் எழுத்துகள், அரை நூற்றாண்டுக்கு முந்தைய கட்டுரைகள், பழைய விளம்பரங்கள்கூட. ஆராய்ச்சிக்காரர்கள் பிறகு தேடிப் போன பலவற்றை அவர் சாதாரண வாசகருக்காக அதற்கு முன்பே எடுத்துப் போட்டுவிட்டார். கடைசிவரை அந்த இதழ் அவரோடு இருந்தது.

'தமிழ்நாடு' என்ற தொகுப்பும் அவருடையதா?

ஆமாம். 1968-ல் வந்தது. தமிழ்நாட்டு ஊர்களைப் பற்றிப் பல காலத்தில் பலர் எழுதிய பயணக் கட்டுரைகளைப் பழைய பத்திரிகைகளிலிருந்து திரட்டிய பெரிய தொகுப்பு. மாட்டுவண்டியிலும் ஆரம்பகால ரயிலிலும் போன மனிதர்கள் தங்கள் சத்திரம், சாப்பாடு, திருட்டுப் பயம், கோயில் தரிசனம் எல்லாம் சொல்கிறார்கள். உங்கள் ஊர் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். கீழே வைக்க மாட்டீர்கள். உலகம் சுற்றியவர் சொந்த நாட்டுக்குச் செய்த மரியாதை அது. 'குடகு' பற்றியும் தனியாக ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார்.

இத்தனை செய்தவரைப் பற்றித் தகவல் ஏன் இவ்வளவு குறைவு?

அவர் அப்படி வாழ்ந்தார். ஆயிரக்கணக்கான படம் எடுத்தவருடைய புகைப்படங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் கிடைக்கின்றன. மேடை ஏறுவதில் நாட்டம் இல்லை. காந்தி படத்தைப் பற்றிய நினைவுகளிலும் உதவி செய்தவர்களின் பெயர்கள்தான் வரிசையாக வரும். விருதுப் பட்டியலில் தேடினால் கிடைக்க மாட்டார். நூலக அலமாரியில் தேட வேண்டியவர்.

எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்?

'உலகம் சுற்றும் தமிழன்' முதலில். சின்னச் சின்னக் கட்டுரைகள். பஸ்ஸில் போகும்போதே ஒன்று முடித்துவிடலாம். பிறகு 'அண்ணல் அடிச்சுவட்டில்'. இந்த இரண்டும் பிடித்துவிட்டால் 'கரிபியன் கடலும் கயானாவும்', 'அமெரிக்க நாட்டிலே' என்று போகலாம். எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்க விரும்பினால் சந்தியா பதிப்பகம் கொண்டுவந்த 'ஏ.கே. செட்டியார் படைப்புகள்' இருக்கிறது; கடற்கரய் தொகுத்தது. பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவதாக இருந்தால் ஜப்பான் பற்றிய பகுதிகளை எடுங்கள்.

பழைய குமரி மலர் இதழ்கள் எங்கே கிடைக்கும்?

சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். அந்த நூலகத்துக்கு அடிப்படையான சேகரத்தை உண்டாக்கிய முத்தையா செட்டியாரும் கோட்டையூரில் வாழ்ந்தவர்தான். சைன்போர்டு எழுதும் தொழிலில் இருந்துகொண்டு ஒரு லட்சம் புத்தகம், இதழ், துண்டறிக்கை என்று சேர்த்துக் குவித்தவர். ஒரே சின்ன ஊரில் இப்படி இரண்டு பேர். கோட்டையூர்த் தெருவில் நடந்தால் அந்தப் பெரிய வீடுகளின் கதவு பெரும்பாலும் பூட்டித்தான் இருக்கும். உள்ளே பரணில் டிரங்குப் பெட்டி இருந்தால், எடைக்குப் போடுமுன் ஒருதடவை திறந்து பாருங்கள். அட்டையில் 'குமரி மலர்' என்று இருந்தால் நூலகத்துக்குச் சொல்லியனுப்புங்கள்.